கரியம்மா கொண்டுவந்த கிணற்றுத் தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் அவளைக் கரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடிக் குடுவை கழுவ வந்தவள், கார்பன் துணி தயாரிக்கும் வேலைக்கு மாறி நான்கு வருடமாகிறது. துணியை உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் சுட்டெடுக்க வேண்டும். நகக்கண்ணில் ஏறிய கருப்பு எந்த சோப்புக்கும் மசியவில்லை. "எங்க மாமியார் இருந்திருந்தா இந்தக் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்க மாட்டாங்க" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்தத் துணியைக் கழிவுநீரில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால், நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட் அம்மோனியாவாக மாறும். கெடுதல் செய்வதையே பிடித்து உரமாக்கிவிடலாம் என்பது டாக்டரம்மாவின் கணக்கு. ஆராய்ச்சிக்குத் தலைவி அவர்தான். மருந்து எழுதும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர்.

ஒருநாள் டாக்டரம்மா, "அக்கா, உங்க பக்கத்துக் கிணத்துத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்களேன். உரத் தொழிற்சாலை வாய்க்கால் உங்க தெருவ ஒட்டித்தானே போகுது?" என்றார். கரியம்மா தன் வீட்டுக் கிணற்றிலிருந்தே எடுத்துப் போனாள். கருவி காட்டிய எண்ணைப் பார்த்து டாக்டரம்மாவின் முகம் சுருங்கியது.

"நைட்ரேட் இருக்கலாம்னு சொல்ற அளவுக்கு மூணு மடங்கு இருக்கு. பெரியவங்க எப்படியோ தாங்கிடுவாங்க. கைக்குழந்தைக்குப் பால் மாவு கரைச்சுக் குடுத்தா அவ்வளவுதான். ரத்தத்துல காத்து ஏறாது. உதடெல்லாம் நீலம் பாரிச்சிடும்."

கரியம்மா கருவிக்குப் பக்கத்தில் வந்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

"கொதிக்க வச்சா போயிடாதா?"

"எங்க போகும்? தண்ணிதான் வத்தும். அது அப்படியே நிக்கும். கொதிக்கக் கொதிக்கக் கூடத்தான் செய்யும்."

ஒன்பது வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. பிரசவத்தில் அவள் துவண்டு போயிருந்தாள், பாலும் சுரக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டதெல்லாம் அவள் புருஷன்தான். தையற்கடைக்காரர். கடையை அரைநாள் அடைத்துவிட்டு வந்து, கிணற்றுத் தண்ணீரை ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கொதிக்கவைத்து, துணியால் வடிகட்டி, புட்டியில் மாவு கலப்பார். கடைசி வாரம் குழந்தையின் உதடும் விரல் நுனியும் நீலமாகின. இருதயம் பலவீனம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். இருவரும் அதையே நம்பி, அழுது, ஓய்ந்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் புருஷனிடம் இதைச் சொல்லவில்லை. "இந்தத் தண்ணி வயித்துக்கு ஒத்துக்கல" என்று சொல்லி கேன் தண்ணீர் வாங்கினாள். ஆய்வுக்கூடத்திலோ தினமும் ஒரு வதை. அம்மோனியா உண்டாயிற்றா என்று பார்க்கும் சோதனையில், உண்டாகியிருந்தால் குழாயில் நீலம் ஏறும். நல்ல அடர்நீலம். மற்றவர்கள் கைதட்டுவார்கள். அவள் உலையைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றுகொள்வாள். ஆனால் துணி சுடுவதில் முன்னைவிட வெறி வந்தது. முதலில் செய்த துணிகள் பதினோரு நாளில் அழுக்கடைந்து செத்துவிட்டன. உலையின் சூட்டை மெதுவாக ஏற்றிப் பார்க்கலாமா என்று அவள்தான் கேட்டாள். அடுத்த துணி நாற்பது நாள் தாங்கியது.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் எல்லாக் கிணறுகளையும் சோதிக்க டாக்டரம்மாவே வந்தார். தையற்காரர் அவருக்கு நாற்காலி போட்டு உபசரித்தார்.

"இந்தக் கேன் தண்ணி வாங்கறதுக்கு முன்னாடி எங்க வீட்டுல எப்பவுமே கொதிக்க வச்ச தண்ணிதாங்க. கைக்குழந்தை இருந்தப்பகூட ரெண்டு தடவை கொதிக்க வச்சுத்தான் குடுத்தேன்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

கரியம்மா சமையலறையிலிருந்து ஓடிவருவதற்குள், விவரம் தெரியாத டாக்டரம்மா, "ஐயோ, அப்படிச் செய்யவே கூடாதுங்க" என்று ஆரம்பித்துவிட்டார்.

தையற்காரர் முழுவதும் கேட்டார். நீலம் என்ற சொல் வந்ததும் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். டாக்டரம்மாவுக்கும் அப்போதுதான் ஏதோ உறைத்தது. பாட்டில்களை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியேறினார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு மாசமா."

"ஏன் சொல்லல?"

"எப்படிங்க சொல்லுவேன்? நீங்க கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்ட புள்ளை. நான் படுத்துக் கிடந்தேன், நீங்கதான் எல்லாம் செஞ்சீங்க."

"அதான், நான்தான் எல்லாம் செஞ்சேன்" என்றார். தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்திப் போட்டு, யாரோ ஒருவருடைய கைகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டபோது அவர் விலக்கவில்லை, சாயவும் இல்லை.

அதன்பின் வெகுநாள் அந்த வீட்டில் தேவைக்குத்தான் பேச்சு. கடைக்குப் போவார், வருவார். குழந்தைச் சட்டை தைக்கக் கொண்டுவருபவர்களை வேறு கடைக்கு அனுப்பிவிடுவார்.

வாய்க்கால் தொழிற்சாலையை விட்டு வெளிவரும் இடத்தில் இப்போது ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. அதில் கரியம்மா சுட்ட துணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. வெளியே போகும் நீரில் நைட்ரேட் பாதிக்கும் கீழே. ஏற்கெனவே மண்ணுக்குள் இறங்கிய நைட்ரேட் வடிய இன்னும் பல வருடம் ஆகும் என்கிறார் டாக்டரம்மா.

தொட்டியைப் பார்க்கத் தையற்காரர் ஒரே ஒருமுறை வந்தார். வெகுநேரம் நின்றார். "பத்து வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். அவளிடம் கேட்டாரா, தொட்டியிடம் கேட்டாரா தெரியவில்லை. கரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை அவரும் இறுகப் பிடித்துக்கொண்டார்.