மணிக்கோபுரத்தில் மாமா

திருநாளுக்காக இன்று எங்கள் கோவில் மணிக்கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். இடுப்பில் பெல்ட் கட்டி, மன்னார்க் காற்றில் ஆடியபடி தொங்கியவர் என் மாமா.

கீழே பெயின்ட் கலக்கிய அந்தோனி அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"மாமாவுக்கு மயக்கம் வந்தால் எப்படி இறக்குவீங்கள்?"

"பெல்ட் இருக்குத்தானே, விழமாட்டார்."

"விழமாட்டார், தொங்குவார். கனநேரம் தொங்கினால் உயிருக்கே ஆபத்து அண்ணா."

"படிச்ச பிள்ளை எங்களுக்குச் சோதினை வைக்குது," என்று சிரித்தார். பிறகு யோசித்தார். "பின் அறையில நீள ஏணி இருக்கு."

"அறை பூட்டியெல்லே இருக்கு?"

"திறப்பு…" மேலே தொங்கிய மாமாவைப் பார்த்தார். "கொம்மான்ர பொக்கற்றில."

நான் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் மாமா திறப்பைக் கீழே எறிந்தார். "இதை விடியவே கேட்டிருக்கலாமெல்லே பிள்ளை!"

விடியவே நினைத்தேன். வாய் திறக்க மாலை நாலு மணியாகிவிட்டது. நீங்களெல்லாம் உடனே கேட்டுவிடுவீர்களா?