கௌரி மிஸ் வெயிலில் வைத்த மூன்று தட்டுகள்

கௌரி மிஸ் போய்விட்டார் என்று கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசி வந்தபோது பாண் வாங்கப் பேக்கரி வாசலில் நின்றேன். பாணை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு எழுத வராது. உங்கள் நினைவு மலருக்காக நான் சொல்ல மகள் எழுதுகிறாள். அவரிடம் இரசாயனம் படித்த உங்களுக்கு அவருடைய வகுப்பு தெரியும். எனக்குத் தெரிந்தது அவருடைய மொட்டைமாடி.

சண்டைக் காலம். கொழும்பிலே கொட்டாஞ்சேனையில் ஒரு சாயப் பட்டறையில் எனக்கு வேலை. இடுப்பில் கட்டும் சாரத் துணிக்குச் சாயம் தோய்த்த தண்ணீரை அப்படியே வடிகால் கானில் விடுவோம். தெருவோரம் சிவப்பாக ஓடும். ஒருநாள் மிஸ் வந்து, "எனக்கு அந்த அழுக்குத் தண்ணியிலை கொஞ்சம் தருவீங்களோ?" என்று கேட்டார். முதலாளி சிரித்தார். "கொஞ்சமென்ன தங்கச்சி, கானையே தூக்கிக்கொண்டு போங்கோ."

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அந்தத் தண்ணீரைச் சுத்தமாக்க முடியுமா என்று பார்க்க, மிஸ் அதில் ஒரு வெள்ளைத் தூளைக் கலக்கி மாடியில் வைப்பார். வெயில் பட்டால் தூள் விழித்துக்கொண்டு சாயத்தை உடைக்கும், தான் மட்டும் கரையாமல் மிஞ்சும் என்பார்.

சிவப்புத் தண்ணீர், வெள்ளைத் தூள், தமிழர் வீட்டு மாடி. குண்டு செய்கிறார்கள் என்று யாரோ பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் நான் அங்கே நிற்கும்போதே தோளில் துவக்கு மாட்டிய ஆமிக்காரர் படியேறி வந்தார்கள். எங்கள் இருவருடைய அடையாள அட்டைகளும் அதிகாரியின் சட்டைப்பைக்குள் போயின. மிஸ் சிங்களத்தில் எல்லாம் விளக்கினார். "அப்படியானால் நிறத்தைப் போக்கிக் காட்டு. போகாவிட்டால் இரண்டு பேரும் ஜீப்பில் ஏறுங்கள்" என்றார் அதிகாரி. அப்படி ஏறியவர்களில் திரும்பி வராதவர்களை எனக்குத் தெரியும்.

மிஸ் மூன்று தட்டுகளை எடுத்தார். ஒன்றில் தூள் போட்டு வெயிலில் வைத்தார். ஒன்று தூள் இல்லாமல் வெயிலில். மற்றதில் தூள் போட்டுக் கறுப்புத் துணியால் மூடினார்.

"மிஸ், ஒரு தட்டே காணும், போதும்! ஏன் வினையை விலைக்கு வாங்குறியள்?"

"ஒண்டு மட்டும் வைச்சா, வெயிலே வெளிறப் பண்ணினது எண்டு அவர் சொல்லுவார், அண்ணை. அவரிடத்திலை நிண்டா நானும் அதைத்தான் சொல்லுவன்."

எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது" என்றார் மிஸ். "வெயில் நின்றால் மத்தியானத்துக்குள் தெரியும். மேகம் வந்தால் சொல்ல முடியாது."

நான் அவர் காதோரம் குனிந்தேன். "கெதியிலை, உடனை நிறம் போகும் எண்டு சொல்லுங்கோவன்" என்று கெஞ்சினேன். அவர் தட்டைக் கண்ணாடிக் கோலால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

கடல் பக்கமிருந்து மேகம் வந்தது. "நோனா பால் காய்ச்சுகிறா" என்று மிஸ் கலக்குவதைக் காட்டி ஒரு சிப்பாய் சிரித்தான். வெகுநேரம் கழித்து வெயில் திரும்பியது. முதல் தட்டில் சிவப்பு ரோசா நிறமாகி, பிறகு வெளுத்தது. தூள் போடாத தட்டு சிவந்தபடியே இருந்தது.

நான் மூச்சு விட்ட நேரம், அதிகாரி கறுப்புத் துணியைத் தூக்கினார். அதிலும் நிறம் சற்றுக் குறைந்திருந்தது. அவருடைய முகம் மாறியது. "இதில் வெயில் படவில்லையே? ஏமாற்றுகிறாயா?"

மிஸ் குனிந்து பார்த்தார். "ஆமாம், குறைந்திருக்கிறது. சாயம் தூளில் ஒட்டியிருக்கலாம். தூள் படியட்டும், பாருங்கள்."

படிந்தது. மூடியிருந்த தட்டின் அடியில் தூள் சிவப்பு. வெயில் தட்டின் அடியில் தூள் வெள்ளை, அதில் சாயம் உடைந்தே போயிருந்தது. அதிகாரி இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அடையாள அட்டைகளை நீட்டினார்.

"மழை நாளில் என்ன செய்வாய்?"

"அதுவும் தெரியாது."

தூள் டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். ஜீப் சத்தம் மறைந்த பிறகுதான் மிஸ் கண்ணாடிக் கோலை வைத்துவிட்டு உட்கார்ந்தார். தரையில் இருந்தபடி, "தூள் போடாத ரெண்டாம் தட்டைக் கொட்டிப்போடாதேங்கோ அண்ணை, வெயில் மட்டும் வெளிறப் பண்ணுதோ எண்டு பின்னேரமும் பாக்கோணும்" என்றார்.

பட்டறைக் கான் கடைசிவரை சிவப்பாகத்தான் ஓடியது. முதலாளி இதற்கெல்லாம் செலவழிக்கவில்லை. அந்த நாட்களில் துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லாரும் எல்லாம் தெரிந்தவர்களாக இருந்தார்கள். துவக்குக்கு முன்னால் நின்று தெரியாது என்று சொன்னவர் மிஸ் ஒருவர்தான். அந்தச் சொல்லைத்தான் நான் வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது சொல்கிறேன். இன்னும் எனக்கு அது லேசாக வருவதில்லை.