சுறா எண்ணெய் மணக்கும் கிற்றார்

உறையின் ஸிப்பை இழுத்ததும் இன்றைக்கும் முதலில் வருவது சுறா எண்ணெயின் வாடைதான். எலக்ட்ரிக் கிற்றார் ஒன்றிலிருந்து வரக்கூடிய வாடையா அது? வள்ளத்துப் பலகைக்கும் துடுப்புக்கும் பூசுகிற அதே எண்ணெய். துடைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன், போகவில்லை. "இதைத் தூக்கி வெளியில வையுங்கோப்பா, அலுமாரிக்குள்ள இருக்கிற உடுப்பெல்லாம் மணக்குது" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துகிறாள். அவள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் நான் வெளியில் வைப்பதாக இல்லை. எனக்கு அந்த நாற்றம் வேண்டும். நான் செய்ததற்கு அந்தத் தண்டனையாவது மிச்சம் இருக்கட்டும்.

கிற்றார் என் அத்தானுடையது. என் அக்காவின் கணவர். பள்ளிமுனையில் பிறந்து, பள்ளிமுனையில் கலியாணம் முடித்து, வாழ்நாள் முழுக்கக் கடலுக்குப் போய்வந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சலவை மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டையோடு ஊர்க் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழாமில் நிற்பார், கையில் கோயிலின் பழைய, மின்சாரமில்லாத பெட்டிக் கிற்றார். யாரிடமும் முறையாகப் பழகவில்லை. பாட்டு எந்தச் சுரத்தில் தொடங்கினாலும் இரண்டு வரி போவதற்குள் பிடித்துவிடுவார். மகள் பிறந்த அன்றே, "இவளின்ர கலியாணப் பூசைக்கு நான்தான் வாசிப்பன்" என்று ஆசுபத்திரி வாசலில் வைத்து எல்லோருக்கும் சொன்னவர். மகள் வளர்ந்து அந்தக் கலியாணமும் நிச்சயமானபோது அவருடைய விரல்கள் மூடிக்கொண்டு வந்தன. மூட்டுவாதம். விடியற்காலையில் கையை விரிக்கவே அரை மணித்தியாலம் வெந்நீருக்குள் வைத்திருப்பாராம். பெட்டிக் கிற்றாரின் தடித்த கம்பியை அழுத்த முடியவில்லை. அதனால்தான் எலக்ட்ரிக் கிற்றார் வாங்க ஆசைப்பட்டார். அதில் கம்பி மெல்லிசு, மரத்தோடு ஒட்டிக் கிடக்கும், தொட்டாலே போதும்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. அக்காவுக்கு மட்டும் தெரியும். வெளியில் தெரிந்தால் வள்ளத்தில் ஏற்றமாட்டார்கள் என்று மறைத்திருந்தார்கள். என்னிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "மச்சான், வலை இழுத்து இழுத்துக் கை மரத்துப்போச்சு. லேசா அழுத்தக்கூடிய ஒண்டு பாத்து எடுப்பம்." நானும் ஏதோ வயதுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன்.

என்னைக் கூட்டிக்கொண்டு போனதற்குக் காரணம் இருந்தது. மன்னார் நகரத்தில் நான் சவுண்ட்ஸ் வைத்திருக்கிறேன். திருவிழா, கலியாணம், செத்தவீடு, எதுவென்றாலும் ஒலிபெருக்கிப் பெட்டியும் மைக்கும் என்னுடையவைதான். கிற்றார் எனக்கு ஒரு பாட்டுக்கூட வாசிக்கத் தெரியாது. ஆனால் கிற்றாரைப் பற்றிக் கதைக்கத் தெரியும். இன்ரநெற்றில் பார்த்துப் பார்த்து எந்த மரம் எப்படி ஒலிக்கும், எந்தப் பிக்கப் எப்படிக் கத்தும் என்று வாய் கிழியப் பேசுவேன். குடும்பத்துக்குள் நான்தான் பெரிய எஞ்சினியர். சொன்னால் அத்தான் கேட்பார். அவர் கேட்கக் கேட்க எனக்கு மண்டைக்கனம் ஏறும்.

மன்னார் ஸ்டேசனில் விடியக் கோச்சி எடுத்துக் கொழும்புக்குப் போனோம். மாடியில் இருந்தது கடை. உள்ளே குளிர் அடித்தது. சுவர் முழுக்கக் கிற்றார்கள். அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "போட்டுக்கொண்டு வாங்கோ, இது கோயிலில்லை" என்று நான் சிரித்தேன். கடைப் பெடியன் எடுத்துக் கொடுத்ததில் இரண்டு அவருக்குப் பிடித்தன. ஒன்றின் கழுத்து வெளிறிய மேப்பிள் மரம். பின்பக்கம் மெல்லியதாக, தட்டையாக இருந்தது. கம்பிக்குக் கீழே ஒலியைப் பிடிக்கிற ஒற்றைச் சுருள் பிக்கப் மூன்று. மற்றது மகோகனிக் கழுத்து, விரல் பலகைக்குக் கறுப்பு ஓடிய ஈட்டிமரம், பெரிய இரட்டைச் சுருள் பிக்கப் இரண்டு. பாரமான சாமான், பின்பக்கம் உருண்டு திரண்டு இருந்தது.

அத்தான் மேப்பிளை எடுத்தார். வாசிக்கவில்லை. முதலில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, துடுப்பு கோணலா என்று பார்ப்பதுபோல் கழுத்தை நீளவாக்கில் பார்த்தார். நடுவிரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இடதுகையை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. "மச்சான், இது கைக்குள்ள வருது" என்றார். மடியில் வைத்து ஒரு மாதாப் பாட்டை முழுக்க வாசித்தார். கல்லாப் பக்கம் நின்ற பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள். கடைசியாக அவர் முழுப் பாட்டு வாசித்து நான் கேட்டது அந்தக் கடையில்தான்.

பாட்டின் அடியில் ஒரு இரைச்சல் கேட்டது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு அந்தக் குணம் உண்டு, சுற்றியிருக்கிற மின்சாரத்தையெல்லாம் இழுத்து "ம்ம்" என்று முனகும். எங்கள் கோயிலிலோ வயர் எல்லாம் பழசு, காற்றாடியைக் கூட்டிக் குறைத்தாலே என் பெட்டிகள் உறுமும். கலியாணப் பூசை நடுவில் இது முனகினால் ஊர் யாரைத் திரும்பிப் பார்க்கும்? அத்தானையா? என்னைத்தான். அந்த ஒரு நினைப்பில் பேசத் தொடங்கினேன். இரட்டைச் சுருள்தான் நல்லது, சத்தமில்லாமல் இருக்கும் என்றேன். அது உண்மை. அவர் மேப்பிளைக் கையை விட்டு இறக்கவில்லை. அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன்: "அத்தான், மேப்பிள் எங்கட உப்புக்காத்துக்கு நிக்காது. ஒரு வருசத்தில வில்லாய் வளைஞ்சிடும்." எங்கே படித்தேன்? எங்கேயும் படிக்கவில்லை. வாயில் வந்தது, சொன்னேன். உப்புக்காற்று என்றால் கடற்காரன் பயப்படுவான் என்று எனக்குத் தெரியும்.

அவர் மகோகனியை வாங்கிப் பிடித்துப் பார்த்தார். பெருவிரல் சுற்றி வர இடமில்லாமல் அந்தரப்பட்டதை நான் கண்டேன். கண்டுகொண்டேதான் நின்றேன். "நல்ல மரம்தான். ஆனா கொஞ்சம் தடிப்பு, என்ன?" என்று கேட்டார். "வாசிக்க வாசிக்கக் கை பழகிடும் அத்தான்" என்றேன். "மரத்தில நீ சொன்னாச் சரி" என்றார். மரத்தில் நான் சொன்னால் சரியாம்! வேம்பா பலாவா என்று தோலுரித்த பிறகு மணந்து பார்த்தே சொல்லக்கூடிய மனிதர், ஒரு பலகைக்கு நேராக ஆணி அடிக்கத் தெரியாத என்னிடம் சொன்னார். அதையே வாங்கிக்கொண்டு கோச்சியில் திரும்பும்போது, மதவாச்சி தாண்டும்வரை கிற்றாரை மடியிலேயே வைத்திருந்தார். நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். படலையைத் திறந்தால், முற்றத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின்மேல் அத்தான் இருக்கிறார். கம்பியெல்லாம் கழற்றிய கிற்றார் மடியில். உடைந்த போத்தல் கண்ணாடித் துண்டு ஒன்றால் கழுத்தின் பின்பக்கத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். கட்டியிருந்த சாரம் முழுக்கச் சிவப்பு மரத்தூள். பக்கத்தில் ஒரு போத்தலில் சுறா எண்ணெய். எங்கள் பக்கத்தில் புதுத் துடுப்பு வாங்கினால் அப்படித்தான் செய்வார்கள். பிடியைக் கண்ணாடியால் சுரண்டி அவரவர் கைக்கு அமைத்து, பச்சை மரம் தெரிந்த இடத்தில் எண்ணெய் ஊட்டுவார்கள். துடுப்புக்குச் சரி. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"என்ன வேலை பாக்கிறியள்? உங்களுக்கென்ன விசரே?" என்று வாசலிலேயே நின்று கத்தினேன்.

"கைக்கு ஏத்த மாதிரிக் கொஞ்சம் எடுக்கிறன் மச்சான். கோவியாதே. கலியாணத்துக்கிடையில சரி வந்திடும்."

"கோவியாதேயோ? இது துடுப்பில்லை, கிற்றார்! உங்களுக்குப் போய் எடுத்துத் தந்தன் பாருங்கோ, என்னைச் செருப்பால அடிக்கவேணும். மீன் நாத்தத்துக்குள்ள இருக்கிறவைக்கு இதெல்லாம் எதுக்கு?"

அத்தான் சுரண்டுவதை நிறுத்தினார். கண்ணாடித் துண்டைப் பிள்ளைகள் கால் படாத இடமாகப் பார்த்து வள்ளத்துக்கு அடியில் தள்ளினார். சாரத்தில் இருந்த தூளைத் தட்டினார். குசினி வாசலில் அக்கா ஏதோ சொல்ல வாயெடுக்க, அத்தான் அவளைப் பார்த்தார். அவள் உள்ளே போய்விட்டாள். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். நான் குடிக்காமல் வந்தேன்.

அதோடு விட்டேனா? இல்லை. போன இடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். கிற்றாருக்குச் சுறா எண்ணெய் பூசிய மனிதரைக் கேள்விப்பட்டீர்களா என்று பெட்டி இறக்கும்போதெல்லாம் ஒரு பகிடி. அது பள்ளிமுனைக்கும் போய்ச் சேர்ந்தது. பாடகர் குழாமில் பெட்டைகள், "மாஸ்டர், இண்டைக்கு எண்ணெய் போட்டாச்சோ?" என்று கேட்டார்களாம். அவரும் சிரித்தாராம். அடுத்த ஞாயிறு தொடக்கம் அவர் குழாமில் நிற்கவில்லை, பின்னால் சனத்தோடு சனமாக வாங்கிலில் போய் இருந்தார்.

கலியாணப் பூசைக்குக் கீபோர்ட் வாசித்தார்கள். அத்தானுக்கு மச்சானோடு கோபம், அதுதான் வாசிக்கவில்லை என்று சனம் கதைத்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன், பெற்ற மகளின் கலியாணத்திலுமா இந்த வீம்பு என்று பொருமிக்கொண்டு என் பெட்டியடியில் நின்றேன். பூசை முடிந்து பதிவுப் புத்தகத்தில் சாட்சிக் கையெழுத்து வைக்கக் கூப்பிட்டார்கள். அத்தான் பேனையை எடுத்தார். பேனை நழுவி விழுந்தது. திரும்ப எடுத்தார், திரும்ப விழுந்தது. பெருவிரல் மடியவே இல்லை. பூசை வைத்த சுவாமி பேனையை எடுத்து அவர் விரல்களுக்கு நடுவில் செருகி, தன் கையால் பொத்திப் பிடித்தார். மகள் முக்காட்டுக்குள் அழுதாள். 

கோயில் வெளியில் அக்காவைப் பிடித்துக் கேட்டேன். அவள் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. "மூண்டு வருசமாத் தம்பி. வர வர மூடிக்கொண்டு போகுது. நீங்கள் ரெண்டு பேரும் போய் எடுத்த கிற்றாரை அவரால சுத்திப் பிடிக்கேலாமப் போச்சு. மாத்தித் தருவினமோ எண்டு உன்னட்டக் கேக்கச் சொன்னன். 'அவன் ஆசையா எடுத்துத் தந்தது, மனம் நோகும்' எண்டவர். அதுதான் சுரண்டினவர். அண்டைக்குப் பிறகு தொடேல்லை." அவ்வளவுதான் சொன்னாள். பந்தியைப் பார்க்கவேண்டும் என்று போய்விட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன், கேட்காமலில்லை. "விடு மச்சான், பிழை என்ர கையிலதான்" என்றார். அந்தப் பதிலைவிட அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம், அறைய விரல் விரியாது என்பது வேறு கதை. அந்தப் பொய்யை அவரிடம் ஒப்புக்கொள்ளவும் எனக்குத் துணிவு வரவில்லை. உப்புக்காற்றுக்கு மேப்பிள் வளையும் என்று நம்பியபடியேதான் அவர் போய்ச் சேர்ந்தார். இன்னொன்றும் சொல்லவேண்டும். கோயிலில் கேட்ட அந்த உறுமல் கோயில் வயரால் வந்ததே இல்லை. என் அம்ப் பெட்டியில் எர்த் வயர் கழன்று கிடந்தது. பிறகு ஒருநாள் ஐந்து நிமிடத்தில் பூட்டினேன். அதற்குப் பிறகு ஒரு முனகல் இல்லை.

போன தவக்காலத்தில் அத்தானைச் சவப்பெட்டியில் வளர்த்தியிருந்தபோது, செபமாலை கொடுக்க யாரும் விரலை மடிக்கவேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே மடிந்துதான் இருந்தன. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அக்கா இந்தக் கிற்றாரைக் கொண்டுவந்தாள். "உன்னட்டக் குடுக்கச் சொன்னவர்" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்றைக்கும் உறையிலிருந்து எடுத்து, அவர் கடையில் செய்ததுபோலக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் பின்பக்கம் கையை ஓட்டினேன். தலைப்பக்கத்திலிருந்து சுரண்டிக்கொண்டு வந்திருக்கிறார். அவ்வளவு நேர்த்தி. ஒரு கீறல் இல்லை, ஒரு மேடு இல்லை. மடியாத பெருவிரல் நீட்டியபடியே கிடக்க ஒரு பக்கம் மட்டும் ஆழமாக எடுத்திருக்கிறார். என் பெருவிரல் அதற்குள் போய் இருந்தது. மெல்ல வழுக்கிக்கொண்டு வந்தது. முன்பக்கத்து விரல் பலகைக் கட்டைகளின் கணக்கில் முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. ஐந்தாவதில் சட்டென்று தடித்த மரம் முட்டியது. அந்த இடத்தில்தான் நான் படலையைத் திறந்திருக்கிறேன்.