சிவப்பு வெளுத்துத் தெரிந்த கண்

கண் பரிசோதகர் வேலையில் பாதி நாள் "இதுவா, அதுவா, எது தெளிவு?" என்று கேட்பதிலேயே போய்விடும், மீதி நாள், வந்த பதிலை நம்பலாமா என்ற பயத்தில் போகும். ஓசூரில் ஒரு கண் மருத்துவமனையில் மூன்று வருடமாக இருக்கிறேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதால் பயம் கொஞ்சம் கூடுதல். இதே வேலையில் இருக்கும் உங்களுக்கும் இருக்கும், ஒத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸில் ஒப்பித்தது

இது நான் நேரில் பார்த்ததல்ல. பரிசோதனைக்கு வந்த மஞ்சுளா என்ற தொழிலாளிக்கு பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வரும் பெண் பிற்பாடு சொன்னது. உதிரிபாகக் கம்பெனி ஒன்று வருடா வருடம் தன் ஆட்களை ஷிப்ட் வாரியாக எங்களிடம் கண் பரிசோதனைக்கு அனுப்பும். தேறாதவர்களை, பாகங்களில் குறை கண்டுபிடிக்கும் இன்ஸ்பெக்‌ஷனிலிருந்து மாற்றிவிடுவார்கள். அதனால் முதலில் வருகிறவர்கள் எங்கள் எழுத்துப் பலகையின் கடைசி வரிகளை மனப்பாடம் செய்துபோய் அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிடுவார்கள். கிருஷ்ணகிரியில் கிளம்பும் பஸ், குந்தாரப்பள்ளி தாண்டுவதற்குள் முழுக்க ஒப்பித்துவிடுமாம். நாகரசம்பட்டிக்காரி மஞ்சுளா, இருபத்து நான்கு வயது, மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாளாம். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது:

"ஒரு கண்ணு லீவு போட்டாலும் சம்பளம் புடிச்சிருவாங்கடி."

பாட்டில் மூடி

எல்லாரும் ஒரே ராகத்தில் படிக்கிறார்களே என்று சந்தேகப்பட்டு, அன்று காலை பலகையை மாற்றியிருந்தேன். மஞ்சுளா வலது கண்ணால் மூச்சுவிடாமல் சொன்னது பழைய வரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அவளுக்கும்தான். உண்மையில் அந்தக் கண்ணுக்கு அதற்கு மூன்று வரி மேலே வரைதான் தெரிந்தது.

சொட்டு மருந்து பாட்டிலின் சிவப்பு மூடியைக் காட்டினேன். இடது கண்ணுக்குச் சிவப்பு. வலது கண்ணுக்கு வெளுத்த செங்கல் நிறம். ஆறு மாதம் முன்பு அந்தக் கண்ணை அசைத்தாலே வலித்ததாம், பிறகு தானாக விட்டுவிட்டதாம். விழித்திரையை ஸ்கேன் எடுத்தேன். வலது கண்ணில், பார்வையை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு இழைப் படலம் நன்றாக மெலிந்திருந்தது. நோயின் பெயரைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நரம்புகளின் மேலுறையை உடம்பே அரிக்கும் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ், சிலருக்கு முதலில் கண்ணில்தான் தடம் விடும் என்று படித்திருக்கிறேன். மூளைக்கும் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது என்றேன்.

"வேலையை விட்டுத் தூக்கிருவாங்க மேடம், நீங்க படிச்சத உங்களோட வெச்சுக்குங்க."

மூன்று வரி

கம்பெனிப் பரிசோதனை கேம்ப்புகளை ஏற்பாடு செய்யும் எங்கள் மேலாளர், இந்த ஸ்கேன் ஒப்பந்தத்திலேயே இல்லை, "கண்ணாடி தேவை" என்று எழுதி அனுப்பிவிடு என்றார். நீ டாக்டர் இல்லை என்றும் ஞாபகப்படுத்தினார். அதனால்தான் டாக்டரிடம் கொண்டுபோகிறேன் என்றேன். நோயாளியின் தாளில் பார்த்ததை மூன்று வரியில் எழுதி டாக்டர் முன் வைத்தேன். அவர் அன்றே நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார். கம்பெனிக்குப் போகும் தாளில் "மறுபரிசோதனை" என்று மட்டும் போட்டேன். நோய் அவளுடையது, கம்பெனியுடையது அல்ல. மேலாளர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"அடுத்த கேம்ப்புல உன் பேர் இருக்காது, தெரிஞ்சுக்கோ."

ராஜினாமாக் கடிதம்

வேலை போகும் என்ற பயத்தோடேயே மஞ்சுளா பெங்களூர் போனாள். அங்கே எடுத்த ஸ்கேனில் மூளையில் தழும்புகள் தெரிந்தன. நோய்க்கு, நான் பயந்த அதே பெயரை வைத்து ஊசி தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து மஞ்சுளாவே வந்து மீதியைச் சொன்னாள். லீவு முடிந்து போனபோது, லீவுச் சீட்டில் நோயின் பெயரைப் பார்த்திருந்த சூப்பர்வைசர், தமிழும் கன்னடமுமாகக் கலந்து, நீயாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடு, மரியாதையாகப் போய்விடலாம் என்றாராம். வேலை செய்யலாம் என்று டாக்டர் கொடுத்த கடிதத்தை இவள் மேஜைமேல் வைத்திருக்கிறாள். பிறகு, புரியவில்லை என்று சொல்ல இடம் கொடுக்காமல், இரண்டு மொழியிலும் சொல்லியிருக்கிறாள்:

"என்னை ஏன் நிறுத்துறீங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க சார், நான் எழுத மாட்டேன்."

போன வாரம் விசாரித்துச் சரிபார்த்துக்கொண்டேன்: சூப்பர்வைசர் இன்றுவரை எதையும் எழுதிக் கொடுக்கவில்லை, மஞ்சுளா இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பதில் பேக்கிங்கில் முழு ஷிப்ட் பார்க்கிறாள், ஸ்கேன் மெஷினை ஓட்ட வேறு ஆள் கிடைக்காததால் என் பெயரும் கேம்ப் பட்டியலில் அப்படியே இருக்கிறது.