ஒரு 'வாங்க' பாக்கி

ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் ஸ்டானிஸ்லாஸ் கிராணி, பால்காரி பவுனம்மாளுக்குக் காசு பாக்கி வைத்ததே இல்லை. மூன்று வருஷமாக ஒரு 'வாங்க'தான் பாக்கி.

விடிந்தால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுக்க அவள் குரல்தான். கக்கூஸ் வாளி சுமக்கிறவர் எதிர்ப்பட்டாலும், "அண்ணே, கொஞ்சம் வழி விடறீங்களா?" என்பாள். ரயில் கேட்டை மூடுகிற அய்யாவு அவளுக்குக் "கேட்டு ஐயா". பசுவுக்கும் மரியாதை உண்டு: "கால நகத்துங்க, மகராசி!" புருஷன் போனபின் ஒற்றை மாட்டை மூன்றாக்கியவள், யாரிடமும் கை நீட்டி நின்றதில்லை. பங்சார் வரை தேடி இப்படி ஒருத்தியைக் காட்டுங்கள், பார்ப்போம்!

கொசுறில் மட்டும் அவளுக்கு ஒரு சட்டம். "அக்கா" என்றவர் செம்பில் உழக்குக்கு மேல் ஒரு சாய்ப்பு விழும். மரியாதை இல்லாதவருக்கு அளந்ததோடு சரி. கிராணி படிக்கட்டில் காசை வைத்துவிட்டு, "ஏ பால்! ஊத்திட்டுப் போ" என்று உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார். ஆனாலும் அவர் வீட்டில் குழந்தை பிறந்த நாள் முதல் அந்தச் செம்பிலும் கொசுறு விழுந்தது.

"என்னா பவுனு, சட்டம் மாறிப்போச்சா?" என்று சீண்டினார் அய்யாவு.

"'ஏ'ங்கிறது அப்பன்தானுங்களே, புள்ள இல்லியே."

பவுனம்மாளின் மகள் ரமணியைத் தன் மகனுக்குப் பெண் கேட்கக் கிள்ளானிலிருந்து ரெங்கசாமி வருவதாகச் சேதி வந்தது. "தெருவுல தாய்க்காரிக்கு என்ன மரியாதைன்னு பாத்துட்டுத்தான் தட்டு மாத்துறது" என்றாராம் மனிதர். அன்று பால் ஊற்றிய பிறகும் பவுனம்மாள் கிராணி வாசலை விட்டு நகரவில்லை.

"ஐயா, ஞாயித்துக்கெழம சம்பந்தி வராருங்க."

"கடன் வேணுமா?"

"அன்னைக்கு மட்டும் ஒரு 'வாங்க' சொல்லுங்க. போதும்."

கிராணி வெளியே எட்டிப் பார்த்தார். "ஒம் பேரு என்னா?"

மூன்று வருஷப் பாலுக்குப் பிறகு! சொன்னாள். கதவு சாத்திக்கொண்டது.

ஞாயிறு காலை ரெங்கசாமி குடையை ஊன்றிக்கொண்டு அவள் கூடவே நடந்தார். வாசலுக்கு வாசல் "வாங்கக்கா" கேட்டது. கடைசியாகக் கிராணி வீடு. படியில் காசு இல்லை. பால் முக்கால்வாசி தீர்ந்தும் குடம் அவளுக்குக் கனத்தது.

கதவு திறந்தது. மாதா கோயில் பூசைக்குப் போட்ட கோட்டோடு, தோளில் குழந்தையோடு கிராணி நின்றார்.

"வாங்க பவுனம்மா. இவங்கதான் சம்பந்தியா? நல்ல எடமாத்தான் பாத்திருக்கீங்க, ஐயா."

பிறகு படியிறங்கி வந்தார். ஒருவரிடமும் நீளாத பவுனம்மாளின் கை விரிந்தது. அதில் பால் காசை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.