போன வருஷக் கரிப்பு

கரையை ஒட்டிய கடலில், மாதம் ஒரு தடவை அதே இடத்தில் படகை நிறுத்திக் கருவியை இறக்கி, தண்ணீரின் சூட்டையும் உப்பையும் அளப்பது என் வேலை. பத்து வருஷமாகிறது. லீவுக்குத் திண்டுக்கல் வந்தால் அக்காவின் வீட்டுக்காரர் விட மாட்டார்.

"கடல் தண்ணி கரிக்கும்னு ஊருக்கே தெரியும். அத எதுக்கு மாப்ள வருஷக்கணக்கா அளக்குற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்தத் தடவையும் அதையே கேட்டுவிட்டு, போர் தண்ணீரில் வாய் கொப்பளித்தவர் முகத்தைச் சுளித்தார்.

"போன வருஷம் இம்புட்டுக் கரிக்கலையே."

"அது எப்படித் தெரியும் மச்சான்?"

"தெனமும் இதுலதான கொப்பளிக்கிறேன்."

"கடல்ல கொப்பளிக்க ஆள் கெடையாது. அதான் நான் போறேன்."