புற்றுக்கு முன் நடுங்கிய கை

அடையாற்றங்கரைக் குப்பத்தில் இருந்தபோது என்னிடம் இரண்டு எருமைகள் இருந்தன. விடியலில் கறந்து அபிராமபுரத்து வீடுகளுக்குப் பால் ஊற்றிவிட்டு, ஆற்றோரம் புல் அறுக்கப் போவேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதோ எழுபதோ, வைகாசி மாதம். புல்லை வளைத்துப் பிடித்த இடது கையில் நல்ல பாம்பு கொத்தியது.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். வீக்கம் வடிந்து, கறுத்த தோல் உரிந்து புதுத்தோலும் வந்தது. ஆனால் அந்தக் கை என் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. அரிசிப் பானைக்குள் போக மாட்டேன் என்றது. கொடியில் காயும் புடவையைக்கூடக் குச்சியால் தட்டிவிட்டுத்தான் எடுப்பேன். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றும். எழுந்தால் எங்கே கால் வைப்பது என்று தோன்றும்.

புல் மட்டும் அறுக்கவே முடியவில்லை. அரிவாளோடு போய் நின்றுவிட்டு வெறுங்கூடையோடு திரும்புவேன். கேட்டால், "புல்லு சரியில்ல" என்பேன். என் நாத்தனார்தான் தன் மாட்டுக்கு அறுத்ததில் கொஞ்சம் எடுத்துப் போடுவாள். எருமைகளுக்கு விலா எலும்பு தெரிந்தது, பால் வற்றியது.

ரிக்‌ஷா இழுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "வித்துட்லாம்மே, வாயில்லாத ஜீவன் பட்னி கெடக்குது" என்றார். என் கையால் சம்பாதித்துச் சாப்பிட்டவள் நான். பயமாக இருக்கிறது என்று அவரிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

குப்பத்து ஜனங்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். நாகாத்தம்மன் தீண்டியும் உயிரோடு விட்டுவைத்தவள் நான். ஆகவே ஆடி வெள்ளிக்கிழமை புற்றுக்கு முதல் பால் நான்தான் ஊற்ற வேண்டும் என்றார்கள். முடியாது என்று சொல்ல என் ரோஷம் விடவில்லை. தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு சொம்போடு போனேன்.

புற்றின் வாய் ஒரு கை நுழையும் அளவுக்கு இருந்தது. குனிந்தேன். கை ஆடியது. பால் என் காலிலேயே கொட்டியது. உடம்பு முழுக்க உதறல்.

"ஆத்தா எறங்கிட்டா! வேப்பில கொண்டாங்கடி!" என்று யாரோ கூவினார்கள். உடுக்கை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி காலில் விழுந்து, "தாயே, எம் பொண்ணுக்கு எப்போ கண்ணாலம் ஆவும், சொல்லும்மா" என்றாள்.

"ஆத்தாவும் இல்ல, ஒண்ணும் இல்ல! பயம்மே! பயத்துல நடுங்கிக்கினு கீறேன்!" என்று கத்திவிட்டேன்.

உடுக்கை நின்றது. பிறகு ஒரு கிழவி, "ஆத்தா நம்மள சோதிக்கிறா. இன்னும் ரெண்டு எலுமிச்சம்பயம் அறுங்க" என்றாள்.

நாத்தனார் மட்டும் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். வழியெல்லாம் திட்டு.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா அண்ணி? புல்லு சரியில்ல, புல்லு சரியில்லன்னு சொல்லிக்கினு... அந்தப் புல்லு இன்னா பாவம் பண்ணிச்சு?"

மறுநாள் நீளமான மூங்கில் கழியோடு வந்தாள். எனக்கு முன்னால் புல்லை அடித்துக்கொண்டே போனாள். "ஓடுங்க, ஓடுங்க! எங்கண்ணி அருவாளோட வராங்க!" என்று ஆற்றுக்கே கேட்கும்படி கத்தினாள். சிரிப்பு வந்தது எனக்கு. புல்லைப் பிடித்தேன், விட்டேன், மறுபடி பிடித்து அறுத்தேன். கை ஆடிக்கொண்டேதான் இருந்தது. ஆடிக்கொண்டே அறுத்தது.

கூடையின் அடி மறையும் அளவுக்குத்தான் புல் சேர்ந்தது. அதை எருமைகளுக்குப் போட்டுவிட்டு, விற்கிற பேச்சை இனி எடுக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன்.